திருட்டு மணிக்குச் சந்தனம்

ராயபுரம் கடலோரத்துச் செம்புக் கிடங்குக்கு, முப்பத்துநாலாம் வருஷம் ஆவணி மாதத்தில், கரண்டில் அடிக்கிற மணி ஒன்று வந்து சேர்ந்தது. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தது என்றார்கள். பட்டம்மாளைக் கேட்டிருந்தால் எமலோகத்திலிருந்து நேரே வந்தது என்று சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தால் மணி அடிக்கும். அந்த யந்திரத்தின் மொத்த சமாசாரமும் அவ்வளவுதான். கிடங்குக்கு மூன்று பெரிய கதவுகள். ஒவ்வொரு கதவின் நிலையிலும் ஒரு பித்தளை நாக்கு, கதவில் அதற்கு ஜோடியாக ஒரு பித்தளைத் தகடு. கதவு சாத்தியிருக்கும்வரை நாக்கும் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கும், கரண்டு ஓடிக்கொண்டிருக்கும், மணி சும்மா இருக்கும். கதவு கொஞ்சம் விலகினாலும் கரண்டு அறுந்து மணி அடிக்கும். கம்பியை வெட்டினாலும் அடிக்கும். அடிக்க ஆரம்பித்துவிட்டால் கதவை மறுபடி சாத்தினாலும் நிற்காது. ஆபீஸ் தாழ்வாரத்துச் சுவரில் பதித்திருந்த இரும்புப் பெட்டியில் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் நிற்கும். அந்தச் சாவி கிளார்க் நீலமேகத்தின் இடுப்பில் இருந்தது. இன்னொன்று கிடையாது.

"இத்த எவனும் ஏமாத்த முடியாதும்மா. அப்பேர்ப்பட்ட வேலை" என்றான், மணியைப் பொருத்த வந்த ஸ்டானிஸ்லாஸ். மாதா கோவில் தெருப் பிள்ளை. மணியைத் தானே பெற்றவன் மாதிரி நின்றான். கிடங்கின் முன் சுவரில், ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில், இரும்புக் கூண்டுக்குள் அது தொங்கியது. தாம்பாளம் அளவு இருந்தது. கிடங்குக் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். ராயபுரத்து ஜனம் அந்தப் பெயரை ஒரு நாளும் சொல்லவில்லை. மாதா கோவில் மணி, பள்ளிக்கூட மணி, ரயில் மணி என்று ஏற்கெனவே பல மணிகள் இருந்த ஊரில், இது திருட்டு மணி.

பட்டம்மாளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. காரணம் இருந்தது. அவள் புருஷன் வேலப்பன் அந்தக் கிடங்குக்குக் காவல்காரன். காவல்காரனாக இருக்கும்வரை, வாசல் பக்கத்து ஓட்டு அறையில் அவர்கள் குடியிருக்கலாம். அதற்கு முன்னால் புளியந்தோப்பில் ஒரு வீட்டில் இருந்தார்கள். மழை வந்தால் அந்த வீட்டுக்குள் சாக்கடைதான் முதலில் வரும், அப்புறம்தான் மனுஷர் வர முடியும். இங்கே தரை காய்ந்திருந்தது. கடற்காற்று வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. செத்தாலும் இந்த அறையில்தான் சாக வேண்டும் என்று பட்டம்மாள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அதற்கு இடைஞ்சலாக ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. வேலப்பனுக்குக் காது கேட்காது.

வாலிபத்தில் அவன் ஒரு பட்டறையில் பாய்லர் தகடு தட்டியவன். வெளியிலிருந்து சம்மட்டி அடி விழ, பாய்லருக்கு உள்ளே உட்கார்ந்து ஆணி பிடிக்கிற வேலை. காது அப்போதே போக ஆரம்பித்து, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் முழுக்கவே போய்விட்டது. ஆனால் கண் கழுகுக் கண். எதிரே இருப்பவன் உதடு அசைவதைப் பார்த்தே என்ன சொல்கிறான் என்று சொல்லிவிடுவான். எதிரே நிற்காமல் பின்னால் நின்று கூப்பிட்டால் போச்சு. அந்தப் பின்பக்கத்தைத்தான் பட்டம்மாள் காத்து வந்தாள். யார் வந்தாலும் முன்னால் போய் வாய் கொடுப்பாள், புருஷன் முகத்தைத் திருப்பிவிடுவாள், அவன் குரல் ஏறினால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி இறக்குவாள். கிடங்கில் ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது என்பதுதான் அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே காரியம். அதையும் வெளியில் சொல்ல முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மணி வந்தது. வந்ததோடு விட்டதா? மணியை மாட்டின அன்றே துரை வேலப்பனைக் கூப்பிட்டார். துரைக்குத் தமிழில் தெரிந்த சொற்களெல்லாம் ஏவல்தான்.

"மணி அடி, நீ ஓடி வா. முதல் ஆள் நீ. நான் சொல்லாமே வரும், கதவு திற, பார்க்கும். நீ வரலே, நீ போ."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற வேலப்பன், "சரிங்க தொரே" என்றான். எல்லாம் விளங்கியிருந்தது. அன்றைக்குச் சோறு அவனுக்கு இறங்கவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் முதல் தடவை மணியை அடித்துக் காட்டியபோது, கூரையில் இருந்த காகம் அத்தனையும் துறைமுகத்துப் பக்கம் பறந்தது. சாலையில் போன மீன்காரி கூடையைக் கீழே போட்டாள். சுமை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியான இன்னாசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான். வேலப்பன் வாசலில் முக்காலி போட்டு, கிடங்குக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வேறெங்கே காற்று வரும்? பட்டம்மாள் கையில் முருங்கைக்காய் இருந்தது. எடுத்து வீசினாள். பிடரியில் விழுந்தது. திரும்பினான், அவள் முகத்தைப் பார்த்தான், எழுந்து ஓடினான். துரை தலையை ஆட்டிவிட்டு நீலமேகத்திடம் ஏதோ சொன்னார். சோம்பேறி, ஆனாலும் ஓடுகிறான் என்றாராம்.

அன்றிலிருந்து பட்டம்மாள் வாசலைத் தாண்டவில்லை. வியாசர்பாடியில் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. தாய்மாமன் வீட்டுச் சீர் வந்தது, பந்தல் வந்தது, ஊரே வந்தது. அத்தைக்காரி போகவில்லை. தம்பி வந்து வாசலில் நின்று சண்டை பிடித்தான். "தொரை உடமாட்டேன்றாரு நைனா" என்று துரை தலையில் போட்டாள். அவன் போன பிறகு உள்ளே வந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளியே முக்காலியில் இருந்தவனை, "இன்னாய்யா, துன்ன வர்றியா?" என்று அவன் முகத்துக்கு நேரே போய் நின்று கேட்டாள்.

துரை சொல்லாமல் வருகிற நாள் என்றைக்கோ, அந்தப் பயத்திலேயே புரட்டாசி பிறந்தது. ஆயுத பூஜை வந்தது.

கிடங்கில் ஆயுத பூஜை அமர்க்களமாக இருக்கும். தராசு, கைவண்டி, கடப்பாரை, சம்மட்டி, பழைய பூட்டுகள், சுமைக்காரர்களின் கொக்கிகள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து முற்றத்தில் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற இன்னாசிகூடத் தன் கொக்கியைப் பொட்டு வைக்கக் கொடுத்துவிடுவான். கொக்கி இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை என்பது அவன் கட்சி. அந்த வருஷம் ஸ்டானிஸ்லாஸும் தன் கருவிப் பையைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு தடவை பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை ஆகிறவரை எந்தக் கருவியையும் தொடக் கூடாது. பாவம், வருஷம் பூராவும் உழைக்கிறவை, ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும் என்பது கணக்கு. இந்த ஓய்வு சுமைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த சாஸ்திரம்.

பொட்டு வைக்கிற வேலை பட்டம்மாளுடையது.

தராசில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு வந்தவள், திறந்து கிடந்த கிடங்குக் கதவருகே நின்றுவிட்டாள். நிலையில் பித்தளை நாக்கு பளபளவென்று இருந்தது. மணி எட்டாத உயரத்தில் இருந்தாலும் நாக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. பட்டம்மாள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து அந்த நாக்கில் தாராளமாக அப்பினாள். மேலே குங்குமம் வைத்தாள். மூன்று கதவுக்கும் அப்படியே செய்தாள்.

"தாயே, நீ இன்னா தெய்வமோ எனுக்குத் தெரியாது" என்று வாய்க்குள் சொன்னாள். "தொரை வர்ற அன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காத. எங்க குடி உன் கையில கீது."

பூஜை முடிந்தது. நீலமேகம் மூன்று கதவையும் சாத்திப் பூட்டினார். பெட்டியில் சாவியைத் திருப்பி மணியைக் காவலுக்கு வைத்தார். மணி சத்தம் காட்டாமல் இருந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிரசாதப் பொட்டலத்தோடு திருவொற்றியூருக்கு வண்டி ஏறினார். நீலமேகம் யாரிடமும் சிரித்துப் பேசாத ஆசாமி. துரைக்கு முன்னால் அவருக்குத் தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார். துரைக்கு வேலப்பன் விஷயம் போனால் இவர் மூலமாகத்தான் போகும் என்று பட்டம்மாள் அவரிடம் மட்டும் கூடுதல் ஜாக்கிரதையாக இருந்தாள்.

சுமைக்காரர்கள் முற்றத்தில் குந்திப் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். வெயில் நன்றாகக் காய்ந்தது. திடீரென்று மணி அடித்தது.

பட்டம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து வேலப்பன் தோளில் அடித்தாள். அவன் தடியை எடுத்துக்கொண்டு ஓடினான். இன்னாசியும் அவன் ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள். கதவுகள் மூன்றும் பூட்டினபடி இருந்தன. பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், கழிவுநீர்ப் போக்கியைக்கூடக் குனிந்து பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, தானும் போக்கியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு போனார். திருடன் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்டானிஸ்லாஸைக் கூட்டிவந்தார்கள். கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"யாருய்யா இதுல சந்தனம் பூசுனது?" என்று கத்தினான். மணிச் சத்தத்தில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்டது. "ஈரமா இருந்த வரைக்கும் கரண்டு பூந்து போயிகினு இருந்துச்சு! காஞ்சி கட்டியானதும் நின்னுடுச்சு! யாரு பண்ண வேலை?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"நான்தாம்பா!" என்றாள் பட்டம்மாள். "வாயத் தொறக்காதன்னு வேண்டிகினுதான் பூசுனேன்!"

ஸ்டானிஸ்லாஸ் ஒரு தென்னங்குச்சியை இடுக்கில் விட்டு முடிந்தமட்டும் சந்தனத்தைச் சுரண்டினான். மணி நிற்கவில்லை. நிற்காது என்பது அவனுக்கே தெரியும். அதுதானே அதன் பெருமை.

இன்னாசி யாரிடமோ சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு திருவொற்றியூர் போனான். பொழுது சாயத் திரும்பி வந்து, மூச்சு வாங்க, சைகையும் சத்தமுமாகச் சேதி சொன்னான். நீலமேகம் வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு சாவியும் அம்பாள் பாதத்தில் இருக்கிறது. மறுபூஜை ஆகாமல் எடுக்க முடியாது. "கிளார்க்கையா அசையல. நானும் கால்ல வுழாத கொறையாக் கேட்டேன். காலைல வர்றேன், அதுவரைக்கும் அடிக்கட்டும்னுட்டாரு!"

பெட்டியை உடைக்கலாம் என்றான் ஒருத்தன். எதனால் உடைப்பது? கடப்பாரைக்குப் பொட்டு வைத்தாயிற்று. சம்மட்டிக்கும் ஆயிற்று. ஸ்டானிஸ்லாஸின் பையும் அந்த வரிசையில்தான் இருந்தது. "உனுக்கு இன்னாப்பா, நீ வேதக்காரன்தானே, எடு" என்று மண்ணாங்கட்டி என்ற சுமைக்காரன் தூண்டிப் பார்த்தான். ஸ்டானிஸ்லாஸ் கையை நீட்டினான், குங்குமத்தைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான். தவிர அது கம்பெனிப் பெட்டி, உடைத்தால் துரை தோலை உரிப்பார் என்று ஒரு காரணமும் சொல்லிக்கொண்டான். ஆக, திருடனே வந்து ஏமாற்ற முடியாத மணியை யோக்கியர்கள் சேர்ந்தும் நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது.

மணிச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்கள். பிறகு கையைக் காட்டிப் பேசினார்கள். அதுவும் சரியாக வரவில்லை. மண்ணாங்கட்டி தண்ணீர் கேட்டான், இன்னாசி தீப்பெட்டி கொடுத்தான். ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்குப் போகிறேன் என்று கையைக் காட்ட, இன்னொருத்தன் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு மல்லுக்கு வந்துவிட்டான். வேலப்பன் நடுவில் போய் இரண்டு பேரையும் பிரித்தான். "அவன் வூட்டுக்குப் போறேன்றாண்டா! உன்ன ஒண்ணியும் சொல்லல!" என்று உதட்டாலும் கையாலும் சொன்னான். பளிச்சென்று விளங்கியது.

அதற்கப்புறம் எல்லோரும் வேலப்பனிடம் வர ஆரம்பித்தார்கள். இவன் என்ன சொல்கிறான், அவன் என்ன கேட்கிறான் என்று அவன்தான் பிரித்துச் சொன்னான். முற்றத்தின் அந்தக் கோடியில் இருப்பவன் வாயசைப்பதை இந்தக் கோடியில் இருந்தே வாங்கிச் சொன்னான். தாயம் ஆடினார்கள். கள்ளத்தனமாகக் காயை நகர்த்தி ஜாடை காட்டிய இன்னாசியைப் பிடித்துக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். வேலப்பனும் முக்காலியைக் கடல் பக்கமிருந்து முற்றத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குரலை அடக்கச் சொல்லி ஜாடை காட்ட வேண்டிய அவசியமே இல்லை. எல்லாருமே கத்திக்கொண்டிருந்தார்கள்.

பட்டம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குள்ளே மணி இடித்தது, பல் கூசியது, வாந்தி வரும் மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இந்த மனுஷன் நாலு பேரோடு உட்கார்ந்து சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! காது போனதிலிருந்து கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போனவன். அவளும்தான் ஒதுக்கி வைத்தாள், மாட்டிக்கொள்வானே என்று. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் காப்பி போடப் போனாள்.

இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ராயபுரத்தில் அன்றைக்குத் தூங்கினவன் வேலப்பன் ஒருத்தன்தான்.

விடிந்ததும் துரையின் கார் வந்தது. பக்கத்துக் கிடங்குத் துரை ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் இருந்துவிட்டு, விடியற்காலையில் இவர் பங்களாவுக்கே போய்க் கத்தியிருக்கிறார். காரிலிருந்து இறங்கியவர் காதில் விரலை விட்டுக்கொண்டே நடந்தார். அதே நேரத்துக்கு ஜட்கா வந்து நின்றது. நீலமேகம், நெற்றி நிறைய விபூதியோடு, மறுபூஜை ஆன சாவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி, துரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாழ்வாரத்துப் பெட்டிக்கு விரைந்தார். வேலப்பன் துரைக்கு எதிரே போய் விறைப்பாக நின்று சலாம் வைத்தான். துரை கதவுகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அர்த்தம் புரிந்து வேலப்பன் சமாசாரம் சொல்லத் தொடங்கினான்.

"ஒரு ஈ காக்கா உள்ள பூரல தொரே! மூணு கதவும் சாத்துனபடியே கீது! நான் இந்த எடத்த வுட்டு அசையல!"

நீலமேகம் சாவியைத் திருப்பினார். மணி நின்றது.

பக்கத்தில் கடல் இருக்கிறது என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அந்த அமைதியில் வேலப்பன் குரல் மட்டும் காசிமேடு வரைக்கும் போனது.

"நேத்து போலீசு வந்துச்சு தொரே! பாத்துட்டுப் போச்சு! தொரை வந்து எண்ணிப் பாக்கட்டும், ஒரு செம்புத் தகடு கொறஞ்சிருந்தா என் கழுத்த அறுங்க!"

துரை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "போதும். மெல்லப் பேசு" என்றார்.

"மூணு கதவும் நானே தொட்டுத் தொட்டுப் பாத்தேன் தொரே!"

"ஏய், வாட்ச்மேன். போதும்."

"மணி அடிச்சிகினே கீது, நானும் குந்திகினே கீறேன்!"

துரை மெல்லத் திரும்பினார். வேலப்பனை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆள்," என்றார் நிதானமாக, "இந்த ஆளுக்குக் காது இல்லே?"

பட்டம்மாள் கணக்குப் போட்டுவிட்டாள். முடிந்தது. அறை போச்சு, வேலை போச்சு, கிளம்பு புளியந்தோப்புக்கு. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். வேலப்பன் துரையையே பார்த்துக்கொண்டிருந்தான், இவளைப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் நேற்றைய சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன வந்ததோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னா தொரே?" என்று கத்தினாள். "இன்னா சொல்றீங்கோ? ஒண்ணியும் கேக்கல! இந்த மணி அடிச்சிகினே கீதே!"

துரை திடுக்கிட்டார். "மணி இல்லே! நின்னு போச்சு!"

"ஆங்? இன்னா?"

பக்கத்தில் நின்ற இன்னாசி அவளைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிக்கப் போகிறான், நம் மானம் கப்பலேறப் போகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னாசி கையைக் குவித்துக் காதில் வைத்தான்.

"அந்தம்மா இன்னா சொல்லுது தொரே? எனுக்கும் கேக்கல! காது ரெண்டும் அடச்சிகினு கீது!"

"டேய்! மணி நின்னுச்சா, அடிக்குதா?" என்று கூவினான் மண்ணாங்கட்டி. "எவனாச்சும் சொல்லுங்கடா! பேஜாராப் போச்சே!"

அப்புறம் வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தன் தன் காதிலேயே அறைந்துகொண்டான். ஒருத்தன் தரையில் குந்திவிட்டான். ஸ்டானிஸ்லாஸ் இங்கிலீஷிலேயே கத்தினான். இத்தனை சத்தத்துக்கு நடுவில், நேற்றிலிருந்து இப்படித்தானே என்று வேலப்பன் பாட்டுக்குத் தகடு கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தாழ்வாரத்திலிருந்து நீலமேகம் வந்தார். பட்டம்மாளுக்கு இருந்த கொஞ்சம் உயிரும் போயிற்று. இந்த மனுஷன் இப்போதுதான் ஜட்காவிலிருந்து இறங்கியவன். துரை அவரைப் பார்த்ததும் ஆறுதலாகத் தாழ்ந்த குரலில், இங்கிலீஷில், இவர்களுக்கெல்லாம் உண்மையிலேயே காது கேட்கவில்லையா என்று கேட்டார்.

நீலமேகம் துரையைப் பார்த்தார். வேலப்பனைப் பார்த்தார். பட்டம்மாளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். பிறகு இடுப்பை வளைத்து, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, அந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் உயர்த்தாத குரலை உயர்த்தினார்.

"சார்! கொஞ்சம் சத்தமாச் சொல்லணும் சார்!"

"நீ இப்போதானே வந்தது!"

"என்ன சார்? பெட்டி பக்கத்துல நின்னேன் சார்!"

துரை முற்றத்தின் நடுவில் தனியாக நின்றார். வேலையில் இருக்கும்போது தொழிலாளிக்குக் கை காலோ கண்ணோ போனால் கம்பெனி ஈடு கட்ட வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. காதும் அதில் சேர்த்தியா என்று அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. ஒரு முற்றம் நிறையக் காதுகள் அவரைச் சுற்றி நின்றன. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு துரையே கத்தினார். மணியைக் கழற்றி வை. எல்லோருக்கும் இன்றைக்கு லீவு. காது திரும்புகிறவன் நாளைக்கு வேலைக்கு வரட்டும். திரும்பாதவனைக் கம்பெனி விடாது, வேலையில் வைத்துக்கொள்ளும், அவன் யாரிடமும் போய்ப் புகார் சொல்ல வேண்டாம். நீலமேகம் அதைத் தமிழில் திருப்பிக் கத்தினார். வேலப்பன்தான் முதலில் நீலமேகத்தின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சலாம் வைத்தான்.

கார் போனது. அதன் புழுதி அடங்குகிறவரை எல்லோரும் செவிடர்களாகவே நின்றார்கள். பட்டம்மாள் புருஷனிடம் போய் முகத்துக்கு நேரே நின்றாள்.

"மணி நின்னுடுச்சா?" என்று கேட்டான் வேலப்பன். அவள் கண்ணைப் பார்த்தான். "எப்ப நின்னுச்சு?"

"இப்பதான்யா" என்றாள்.

இன்னாசிக்கு, சோறு ஆச்சு என்று யாரோ சொன்ன மாத்திரத்தில் காது வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் மறுநாளே வந்தது. வேலப்பனுக்கு மட்டும் வரவில்லை. கம்பெனி டாக்டர் வந்து இரண்டு காதிலும் குழாயை விட்டுப் பார்த்து, மணிச் சத்தத்தில் போன காதுதான் என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து வேலப்பன் முக்காலியில் கம்பீரமாகச் செவிடாக உட்கார்ந்தான். அவனிடம் பேச வருகிறவர்கள், நிமிர்ந்து நின்று அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பட்டம்மாள் வியாசர்பாடிக்குப் போய்த் தம்பியோடு ராசியாகிவிட்டு வந்தாள்.

ஆனால் அவள் மனசு அடங்கவில்லை. இத்தனை வருஷமாக முன்னால் ஓடி, பின்னால் ஓடி, பொய்யாகப் பேசிக் காத்த ரகசியம்! அத்தனை பயலுக்கும் தெரிந்திருக்கிறது, ஒருத்தனாவது வாயைத் திறந்தானா? நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது, கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. இன்னாசியைக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கடலைப் பார்த்தான். கடைசியில் ஒரு நாள் மத்தியானம், துரை இல்லாத நேரமாகப் பார்த்து, தாழ்வாரத்துக்குப் போனாள். நீலமேகம் காலிப் பெட்டியைத் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் யாரும் இல்லை.

"ஐயா," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "எங்க வூட்டுக்காரரு சமாசாரம் உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

நீலமேகம் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா" என்றார். "காது கேக்கல."